ஜன்னல் காட்சி

முதலாளிக்கு ஜன்னல் காட்சி வேண்டும். அது இல்லாத கதை தன் பதிப்பகத்தில் அச்சேறாது என்று போனிலேயே அடித்துச் சொல்லிவிட்டார்.

"பொண்ணு தூங்குறா. அவன் ஜன்னல் வழியா உள்ள வந்து, விடியுற வரைக்கும் அவளையே பாத்துக்கிட்டு நிக்கிறான். தொட மாட்டான். அதான் சார் காதல்! போன புத்தகத்துல பசங்க உருகினதே அதுக்குத்தான்."

எழுத்தாளர் போனை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். கதாநாயகன் என்கிற இருநூறு வயதுக் கிழம் பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்து அப்படி என்னதான் படிக்கிறது? ஆனால் வார்ப்பு அப்படி. ரத்தம் குடிப்பவனோ, பேயோ, ஓநாயோ, மேல்பூச்சுதான் மாறும். முதலில் அவன் அவளை முறைப்பான். பிறகு காப்பாற்றுவான். "என் பக்கம் வராதே, நான் ஆபத்தானவன்" என்பான். அவள் அதற்காகவே போவாள். அடுத்து ஜன்னல். உயிர்த்தோழியோடு சண்டை. அப்பா தடுப்பார், காதல் இன்னும் முறுகும். கடைசியில் ஆளில்லாத இடத்துக்குத் தனியாக வரச்சொல்வான். தனக்கு அருவருப்பாக இருந்ததை அவர் இதுவரை ஆறு முறை எழுதியிருந்தார், ஒரு பெண்ணின் பெயரில். வழுக்கையும் தொப்பையும் உள்ள ஆள் எழுதினால் யார் வாங்குவார்கள்?

மகள் அந்த ஆறு புத்தகங்களையும் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். அப்பா எழுதுவது அறிவியல் கைடு என்பது அவள் நினைப்பு.

"உண்மை தெரிஞ்சா உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டா" என்று மனைவி எச்சரித்திருந்தாள். அவரும் அதற்குப் பயந்தே வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை மனைவி வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. மகள் பள்ளிப் பையைச் சோபாவில் வீசிவிட்டு, முகமெல்லாம் பூரிப்பாக நின்றாள்.

"அப்பா, ஒருத்தர் என்கிட்ட, 'என் பக்கம் வராதே, நான் ஆபத்தானவன்'னு சொன்னா என்ன அர்த்தம்?"

குடித்துக்கொண்டிருந்த டீ அவருக்குப் புரையேறியது. அது அவருடைய வரி. முற்றுப்புள்ளி உட்பட அவருடையது.

விசாரித்தார். கல்லூரியில் கடைசி வருஷமாம். பைக்கில் வருவானாம். சாயங்காலமானால் எதிர்ச் சுவரோரம் நின்று இவள் ஜன்னலையே பார்ப்பானாம். "அவ உனக்கு வேண்டாம்" என்று அவன் சொன்னதால், மழலைப் பள்ளியிலிருந்து கூடவே வந்த தோழியோடு இவள் பேச்சை நிறுத்திவிட்டாளாம். இதையெல்லாம் பரிசு வாங்கியவள் போலச் சொன்னாள். சிறுமிகள் எதில் மயங்குவார்கள் என்று தெரிந்துகொள்ள எவனோ ஒருவன் அவருடைய புத்தகத்தைப் பிரித்துவைத்துப் படித்திருக்கிறான். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

"இனிமே அவனைப் பாக்கக் கூடாது" என்று கத்தினார்.

மகளின் கண்கள் மின்னின. "நீங்க தடுப்பீங்கன்னு அவர் அப்பவே சொன்னாரு."

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தடுக்கிற அப்பாவுக்கும் கதையில் இடம் ஒதுக்கியவர் அவரேதான். அதட்டினாலும் அழுதாலும் அடுத்த அத்தியாயம்தான் நகரும். வெளியே வர ஒரே ஒரு வழி இருந்தது. மனைவி எச்சரித்த அதே வழி.

"அடுத்து என்னன்னு நான் சொல்லவா? 'உன் நல்லதுக்காக உன்னை விட்டுப் போறேன். கடைசியா ஒரே ஒரு தடவை தனியா வா'ம்பான். ஆள் நடமாட்டம் இல்லாத கட்டடமா இருக்கும்."

மகளின் முகம் வெளுத்தது. "என் போனை எடுத்துப் பாத்தீங்களா?"

"இல்ல. அந்த ஆறு புத்தகத்தையும் எழுதினது நான்தான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் காட்சியை முதல் வரியிலிருந்து மனப்பாடமாக ஒப்பித்தார், கைடில் உள்ள சூத்திரத்தைப் படிக்கிற குரலில். அவள் தலையணை நனைய அழுத வரிகள் அப்பாவின் டீ வாடை அடிக்கும் வாயிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. பாதியிலேயே அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"போதும்ப்பா!"

கையை எடுத்ததும் மெதுவாகக் கேட்டாள். "நான் இந்த ரூம்ல தூங்கிட்டிருந்தப்ப, நீங்க பக்கத்து ரூம்ல உக்காந்து இதையா எழுதினீங்க?"

அவர் டீ கிளாஸை எடுத்துத் தள்ளி வைத்தார்.

"சீ" என்றாள்.

மேசைமேல் இருந்த அவள் போன் அதிர்ந்தது. திரையில் அவன் பெயர். அவள் அதைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். இரண்டு பார்வையும் ஒன்றாகவே இருந்தது, சாப்பாட்டில் முடி கிடந்தால் பார்ப்போமே, அந்தப் பார்வை. அழைப்பைத் துண்டித்துவிட்டு அறைக்குள் போனாள். தலைமாட்டுப் புத்தகங்கள் ஆறும் கூடத்தில் வந்து விழுந்தன.

பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம். ஜன்னலைச் சாத்திவிட்டாள். அவருக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. எழுந்து, ஏதாவது சொல்லலாம் என்று அவள் அறை வாசல்வரை போனார்.

அவர் முகத்துக்கு நேரே கதவும் தாழிடப்பட்டது.