பட்டி பார்த்த வண்டி

அந்த மெரூன் கலர் கார் கோச்சடையில் இருக்கிற கடைக்கு வந்த காலையிலேயே அழகுபாண்டிக்கு அது பிடிக்கவில்லை. கார்களைக் கழுவித் தேய்த்துப் பளபளப்பாக்கித் தருவதுதான் அவன் தொழில். எத்தனையோ அவலட்சணங்கள் அவன் கடைக்கு வந்து மகாலட்சுமியாகத் திரும்பிப் போயிருக்கின்றன. இது அவலட்சணமாகக்கூட இல்லை; உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மதுரை ரோட்டில் சில வருஷம் ஓடிய வண்டியில் ஒரு கீறல் இல்லையென்றால், அதை நம்புகிறவன் பச்சைப்பிள்ளையாக இருக்க வேண்டும், இல்லை அதை விற்கிறவனாக இருக்க வேண்டும்.

விற்கிறவன் கிரிதர். தல்லாகுளத்தில் பழைய கார் வாங்கி விற்கிற ஆள். அழகுபாண்டியின் கடைக்கு வருகிற வண்டிகளில் பாதி அவன் அனுப்புவதுதான். "கண்ணாடியாட்டம் மினுங்கணும்ணே, பாக்குறவன் முகம் தெரியணும்," என்று சாவியை நீட்டிவிட்டு, நின்று பேசாமல் போய்விட்டான். எப்போதும் டீ குடிக்காமல் நகராத ஆள்.

அழகுபாண்டி ஷாம்பு போட்டுக் கழுவினான். ரப்பர் ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டினான். பாலீஷ் மெஷினை எடுப்பதற்கு முன்னால் அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையை ஒரு மெல்லிய பாலிதீன் பைக்குள் விட்டுக்கொண்டு வண்டி முழுக்கத் தடவிப் பார்ப்பான். வெறும் விரலுக்குப் பிடிபடாத பிசிறுகூடப் பைக்குள் இருக்கிற விரலுக்கு நன்றாகத் தட்டும். கதவைத் திறந்து, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவே கூரையைத் தாங்கி நிற்கிற பில்லரைத் தடவியபோது, கீழ்ப்பக்கத்தில் ஒரு மேடு தட்டியது.

முட்டியால் தட்டிப் பார்த்தான். மேலே தகரச் சத்தம் வந்தது. கீழே சுவரைத் தட்டினாற்போல் இருந்தது. அந்தப் பக்கம் போய்த் தட்டினான். அங்கேயும் அதே உயரத்தில் அதே செத்த சத்தம். ரப்பரை லேசாக உரித்துப் பார்த்தான். குறுக்கே வெல்டிங் ஓடியிருந்தது. விபத்தில் நொறுங்கிய இரண்டு கார்களில் பிழைத்த பாதிகளை வெட்டி ஒட்டி, ஒட்டு தெரியாமல் மேலே பட்டி பூசி, பெயிண்ட் அடித்திருந்தார்கள். அந்த இரண்டு கார்களிலும் இருந்தவர்கள் என்ன ஆனார்களோ!

உடனே கிரிதருக்குப் போன் போட்டான். "தம்பி, இது ஒட்டு வண்டிப்பா. ஒரு பெரிய குழியில இறங்குனா ரெண்டாப் பிளந்துக்கிரும்."

"அண்ணே, நீங்க பாலீஷ் போடுறவரா, இல்ல பாடி கட்டுறவரா?" கிரிதர் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். "உங்க வேல மேல்தோலோட முடிஞ்சிருச்சு. உள்ளுக்குள்ள எதுக்கு நோண்டுறீங்க? பிடிக்கலன்னா சொல்லுங்க, வேற கடைக்கு அனுப்பிக்கிறேன். இதையும், இனி வாரதையும்."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டான் அழகுபாண்டி. மூடியதோடு நின்றானா? இல்லை. கை கெட்டிக்காரக் கை, அதற்கு நல்லது கெட்டது தெரியாது. அன்று முழுக்கத் தேய்த்தான். பில்லரை மட்டும் இரண்டு தடவை தேய்த்தான். சாயங்காலம் வெயில் சரிகையில் வண்டி நின்ற நிலையைப் பார்த்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. வழக்கம்போல வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். கிரிதர் கேட்டுக்கொண்டபடி அவன் நம்பரையும் போட்டு, 'விற்பனைக்கு. குறை சொல்ல முடியாத வண்டி' என்று எழுதினான். எழுதச் சொன்னது நம்பரை மட்டும்தான். மற்றதைத் தானாகவே எழுதினான் மடையன்.

வண்டி போய்விட்டது. யாரோ வாங்கிவிட்டதாகக் கிரிதர் சொன்னான். யார் என்று அழகுபாண்டி கேட்கவில்லை. கேட்டால் ஒரு முகம் தெரிந்துவிடும் என்று பயம்.

இரண்டு வாரம் கழித்து, மேலூரில் இருக்கிற அவன் தங்கச்சி முனீஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. கருமாத்தூர்ப் பக்கம் இருக்கிற குலதெய்வம் கோயிலில் வைத்திருந்தார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகளோடு அழகுபாண்டி வேனில் போய் இறங்கியபோது, மேலூர் வீட்டு வாசலில், கோயிலுக்குக் கிளம்பத் தயாராய், மாலை போட்டு, சந்தனம் வைத்து, அந்த மெரூன் கார் நின்றுகொண்டிருந்தது.

கையிலிருந்த தட்டோடு காரை நோக்கி நடந்தான். பின்சீட்டில் முனீஸ்வரி பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் மாமியார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த முனீஸ்வரியின் புருஷன் தவசி, மச்சானைக் கண்டதும் இறங்கி ஓடி வந்தான்.

"எப்பிடி மச்சான்? வேணும்னுதான் சொல்லல. உன் ஸ்டேட்டஸ்ல பாத்த அன்னைக்கே போயி முடிச்சிட்டேன். மச்சான் கைபட்ட வண்டி, மெக்கானிக்க வேற எதுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு நேரா எடுத்தாந்துட்டேன்ல!"

அழகுபாண்டி காருக்கு முன்னால் மறித்து நின்றான். "மாப்ள, இதுல போக வேணாம். வேன்ல ஏறுங்க எல்லாரும்."

"எதுக்கு?"

"வண்டி சரியில்ல."

தவசி காரைப் பார்த்தான். அதன் பளபளப்பில் வாசலும் பந்தலும் உறவுக்காரர்களும் தெளிவாய்த் தெரிந்தார்கள். "இம்புட்டு மினுங்குது, சரியில்லங்கிறியா?" முகம் மாறிவிட்டது. "நான் கார் வாங்குனது உனக்குப் பொறுக்கலையா மச்சான்?"

"சீரோட சேத்து வயித்தெரிச்சலையும் கொண்டாந்துட்டான்யா," என்றார் பந்தலில் ஒருவர். சிரித்தார்கள்.

"ஒட்டு வண்டி மாப்ள! நாலுவழிச் சாலையில பிளந்துச்சுன்னா ஒருத்தரும் மிஞ்ச மாட்டீங்க!"

"நல்ல நாளும் அதுவுமா என்ன வார்த்தை பேசுற நீ?" தவசி உறுமிவிட்டு ஏறி உட்கார்ந்தான். என்ஜின் உயிர்பெற்றது. லாரிகள் விரட்டுகிற ரோடும் அதில் கிடக்கிற குழிகளும் அழகுபாண்டியின் கண்ணில் வரிசையாய் வந்து போயின. தட்டைக் கீழே போட்டான். பின்கதவைத் திறந்து, முனீஸ்வரியின் மடியிலிருந்த பிள்ளையை வெடுக்கென்று தூக்கிக்கொண்டான். பிள்ளை வீறிட்டது. "அண்ணே, கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று கத்திக்கொண்டே அவள் பின்னாலேயே இறங்கினாள்.

பிள்ளையை இடது இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பந்தல்காரன் போட்டிருந்த சுத்தியலைப் பொறுக்கினான். பில்லரில் தான் இரண்டு தடவை தேய்த்த இடத்திலேயே ஓங்கி அடித்தான். தவசி பாய்ந்து வருவதற்குள் இன்னொரு அடி அடித்தான். பட்டி பாளம் பாளமாய்ப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே துருப்பிடித்த வெட்டு, அங்கங்கே மட்டும் பிடித்திருந்த வெல்டிங். அடித்த அடியில் ஒரு வெல்டிங் பொட்டு விட்டுப்போய், விரல் நுழைகிற சந்து வாய் பிளந்து நின்றது.

அழகுபாண்டியின் சட்டையைப் பிடித்திருந்த தவசியின் கை நழுவியது. அவன் குனிந்து அந்தச் சந்தில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். ரெண்டு வாரமாகப் பிள்ளையையும் பெண்டாட்டியையும் அதில்தான் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறான். மாமியார் சாமி பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள். "தாய்மாமன் குலத்தையே காப்பாத்திட்டான்யா," என்றார் சற்று முன் சிரித்த அதே ஆள்.

அப்பாடா என்று அழகுபாண்டிக்கு மூச்சு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. எல்லாரும் உயிரோடு நிற்கிறார்கள், அது போதும் அவனுக்கு.

முனீஸ்வரி மட்டும் காரைப் பார்க்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன பேருக்கு நடுவுல சரியா அந்த எடத்துல அடிச்சியேண்ணே," என்றாள் மெதுவாக. "பாலீஷ் போடுறப்பவே தெரியுமா ஒனக்கு?"

அவன் சுத்தியலைக் கீழே போட்டான்.

"யாரு பிள்ளையோ போகப்போகுதுன்னு விட்டுட்ட, என்னா?"

அவள் கையை நீட்டினாள். "என் பிள்ளையக் குடு." அழகுபாண்டி கொடுத்துவிட்டான்.