கரண்ட் அக்காவின் இருபது நிமிடம்

முதுகுவலிக்காரர்களும் முட்டிவலிக்காரர்களும் வந்து குவிகிற அந்தக் கிளினிக்கில் அவளுக்குப் பெயர் கரண்ட் அக்கா. அவளைவிட முப்பது வயது மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒன்பது வருஷமாக அவள் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்றுதான். வந்தவரைக் குப்புறப் படுக்க வைப்பாள். முதுகைத் துடைத்து, பசையுள்ள நான்கு பேடுகளை ஒட்டுவாள். வலி மரக்க மெல்லிய கரண்ட் விடுகிற, உள்ளங்கை அளவேயான டென்ஸ் மெஷினில் ஒயரைச் செருகி, டைமரை இருபதில் தள்ளி, குமிழை மெல்லத் திருப்பி, "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா? அப்படியே படுங்க" என்பாள். இருபது நிமிடத்தில் மெஷின் டிங் என்று அடித்துத் தானாக நின்றுவிடும். அவள் பேடைப் பிரிப்பதற்குள் அடுத்தவர் சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்திருப்பார். ஒரு நாளைக்கு முப்பது முதுகு. வழியில் யாராவது சிரித்தால் அவளுக்கு ஆள் யாரென்று பிடிபடாது. திரும்பி நடந்தால் சட்டென்று தெரிந்துவிடும்.

இத்தனை முதுகுகளைப் பார்த்தவளின் முதுகை யாரும் பார்த்ததில்லை. கனத்த உடம்புகளைத் தூக்கிப் புரட்டிப் புரட்டி அவளுடைய இடுப்பு எப்போதோ போய்விட்டிருந்தது. "நீயும் ஒரு தடவை வச்சுக்கோயேன்" என்று டாக்டரம்மா சொல்வதுண்டு. வைத்துக்கொள்ளலாம்தான். இருபது நிமிடம் படுக்க நேரம் வேண்டுமே.

அந்த மெஷின்களில் ஒன்றைக் கடன் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டுதான் அவள் அன்று காலை எட்டு மணிக்குத் தங்கையோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாள். தங்கைக்கு விடியற்காலையிலேயே வலி கண்டுவிட்டது. இரண்டாவது பிரசவம்.

முதல் பிரசவத்தைப் பற்றி அக்கா தங்கை இருவரும் பேசிக்கொள்வதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால், கிளினிக்கில் இன்னொரு உதவியாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட, கரண்ட் அக்காவுக்கு லீவு கிடைக்கவில்லை. தங்கையின் கணவன் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். அவன் அப்போதும் நடுவழியில்தான் இருந்தான், இப்போதும் நடுவழியில்தான் இருக்கிறான். பதினோரு மணி நேரம் அவள் தன்னந்தனியாகக் கிடந்து பெற்றாள். எல்லாம் முடிந்த பிறகு சாயங்காலம் மூச்சிரைக்க ஓடிவந்த அக்காவைப் பார்த்து, "பரவால்லக்கா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை. அந்தப் 'பரவால்ல' மூன்று வருஷமாகத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அதனால் இந்த முறை அக்கா வாக்குக் கொடுத்திருந்தாள். "ஒரு நிமிஷம்கூட உன்னைத் தனியா விட மாட்டேன். என் கையால மெஷின் வச்சு விடுறேன், பாரு." அந்த ஒரு வாக்குக்காக இரண்டு வாரம் இரண்டு பேர் வேலையை ஒருத்தியாகப் பார்த்து லீவைச் சேர்த்தாள். கடைசி இரண்டு நாள் தங்கையின் மூத்த குழந்தைக்குக் காய்ச்சல். அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே பொழுதைக் கழித்தாள். தன் கணவனிடம் குழந்தையை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும்போது அவள் கண் இரண்டும் மிளகாய்ப்பழமாக இருந்தன. பேருக்குத்தான் நின்றுகொண்டிருந்தாள்.

பிரசவ அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, சுவரில் ஒரு கடிகாரம். அந்த வார்டின் நர்ஸுக்கு நடந்தால் செருப்பு கீச்சுக் கீச்சென்று கத்தும். வந்த அரை மணி நேரத்தில் தங்கை அவளுக்குக் கீச்சு நர்ஸ் என்று பெயர் வைத்துவிட்டாள். அது நர்ஸின் காதிலும் விழுந்துவிட்டது.

"இது என்ன, ரேடியோவா?" என்றாள் கீச்சு நர்ஸ், மெஷினைத் தூக்கிப் பார்த்து.

"ஆமா சிஸ்டர். பாட்டுதான் வராது" என்றாள் தங்கை.

பெரிய டாக்டர் ஏற்கெனவே சரி என்று எழுதிக் கொடுத்திருந்தார். கரண்ட் அக்கா தங்கையை நாற்காலியில் முன்பக்கம் சாய்த்து உட்கார வைத்து, பிராவின் பட்டைக்குக் கீழே முதுகெலும்பின் இருபக்கமும் இரண்டு பேடு, இடுப்புக்குழிக்குக் கீழே இரண்டு பேடு என்று ஒட்டினாள். வழக்கமாக இருபதில் நிற்கும் டைமரை நிற்காமல் ஓடும் பக்கத்துக்குத் தள்ளினாள். மணிச் சத்தத்தையும் அமர்த்தினாள். பிறகு மெஷினைத் தங்கையின் கையில் கொடுத்தாள்.

"வலி ஏறும்போது இந்த ரெண்டு குமிழையும் திருப்பிக் கூட்டு. இறங்கினதும் குறைச்சுக்கோ. இந்த ரெண்டு குமிழைத் தவிர வேற எதையும் தொடக் கூடாது, சரியா?"

"உங்க கிளினிக் தாத்தாங்ககிட்ட பேசுற மாதிரியே பேசுற."

"அவங்க சொன்ன பேச்சுக் கேப்பாங்க."

முதல் வலி வந்தபோது தங்கை குமிழைத் திருப்பினாள். முகம் சுருங்கியது, ஆனால் அலறல் வரவில்லை. "அக்கா, வலி போகலடி. ஆனா அந்தக் குறுகுறுப்பு நடுவுல வந்து நிக்குது. அதைப் பிடிச்சுக்கலாம்போல இருக்கு" என்றாள். கரண்ட் அக்காவுக்கு அது போதும். பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு என்று நேரம் நகர்ந்தது. தங்கை நடந்தாள், உட்கார்ந்தாள், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினாள். அக்கா பின்னாலேயே ஒயர் சிக்காமல் பார்த்துக்கொண்டு நடந்தாள். லாரிக்காரன் அரை மணிக்கொரு தரம் போன் செய்து, "என்னாச்சு, என்னாச்சு" என்று உயிரை வாங்கினான். "பொறந்தா சொல்ல மாட்டோமா? ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லி அக்கா போனை வைத்தாள்.

ஒரு மணிக்குத் தங்கை வெந்நீரில் குளிக்க வேண்டும் என்றாள். தண்ணீருக்கும் மெஷினுக்கும் ஆகாது. அக்கா எல்லாவற்றையும் கழற்றினாள். குளியலறை வாசலில் கதவில் சாய்ந்து நின்றவளுக்கு நின்றபடியே கண் சொருகியது. தங்கை வெளியே வந்ததும் முதுகை ஈரம் போகத் துடைத்தாள், பேடுகளை மறுபடி ஒட்டினாள், ஒயரைச் செருகினாள், மெஷினைத் தட்டிவிட்டாள். அவள் மூளை அப்போது எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியாது. கைதான் வேலையைச் செய்தது. ஒன்பது வருஷமாக எதைச் செய்ததோ, அதையே செய்தது.

"நீ கொஞ்சம் உக்காருக்கா. மூஞ்சி செத்துப்போய்க் கெடக்கு."

"ரெண்டே நிமிஷம்" என்று கரண்ட் அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடிகாரத்தில் ஒன்று நாற்பது.

"அக்கா! அக்கா, வாடி!"

அடித்துப் பிடித்து எழுந்தபோது தங்கை கட்டிலில் இருந்தாள். கீச்சு நர்ஸ் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பேடுகளைப் பிரித்து மெஷினோடு சேர்த்து மேஜைமேல் போட்டுவிட்டிருந்தாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை நீட்டிய கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அவள் விரல் எலும்பெல்லாம் ஒன்றோடொன்று உரசின. "இங்கதான் இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எத்தனை தடவை சொன்னாள் என்று கணக்கில்லை. நர்ஸ் ஒரு கட்டத்தில், "இருங்கம்மா, நீங்க இருக்கீங்கன்னு எங்க எல்லாருக்கும் தெரியும்" என்றாள்.

மூன்றே முக்காலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மறு நொடியே ஊரைக் கூட்டுகிற மாதிரி கத்தியது. லாரிக்காரனுக்குப் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார்கள். அவன் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு அழுதான். அக்காவும் தங்கையும் குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள், அவன் அழுகையைக் கேட்டார்கள், பிறகு சிரித்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு, குழந்தை தொட்டிலில் உறங்க, கரண்ட் அக்கா மேஜைமேல் கிடந்த மெஷினைத் துடைத்து மடிக்கப் போனாள். நாளைக் காலை எட்டுக்குள் கிளினிக்கில் சேர்க்க வேண்டும். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவளின் கட்டைவிரல் டைமரில் பட்டது.

அது இருபதில் நின்றிருந்தது.

சுற்றிய ஒயர் கையிலிருந்து அவிழ்ந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று நாற்பதுக்கு வைத்தது. இரண்டு மணிக்கு நின்றிருக்கும். தங்கை கட்டிலிலிருந்து கூப்பிட்டு எழுப்பியபோது மணி மூன்று இருபது. நடுவில் ஒரு மணி இருபது நிமிடம். பிரசவத்தின் மிகக் கடுமையான நேரம் அது. செத்துப்போன மெஷினைக் கையில் கொடுத்துவிட்டு, மூன்றடி தள்ளி நாற்காலியில் வாயைப் பிளந்து கும்பகர்ணத் தூக்கம் தூங்கியிருக்கிறாள். ஒரு நிமிடம்கூட விட மாட்டேன் என்று வாய் கிழியச் சொன்னவள். பேசாமல் பையில் போட்டு மூடிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததற்காக இன்னும் கூசினாள்.

"பாப்பா" என்றாள். தங்கையைச் சின்ன வயதில் கூப்பிட்ட பெயர் அது. "நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்டி. மெஷினை இருபதுல வச்சுட்டேன். அது அப்பவே நின்னு போச்சு. உனக்குத் தெரியாம நீ சும்மா குமிழைத் திருப்பிட்டு இருந்திருக்கே..."

தங்கை கண்ணைத் திறக்காமலே, "தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நின்னது தெரியும். ரெண்டு மணிக்கு நின்னுச்சு. நான் என்ன மரக்கட்டையா, கரண்ட் நின்னா தெரியாம இருக்க?"

"அப்புறம் நீயே திருப்பிப் போட்டிருக்கலாமில்ல?"

"குமிழைத் தவிர எதையும் தொடாதேன்னு நீதானே சொன்ன. சிஸ்டரும் முழிச்சாங்க. தப்பா எதையாவது அமுக்கிட்டா என்ன பண்றது?"

"என்னை எழுப்பியிருக்கலாமே! ஒரு குரல் குடுத்திருந்தா..."

தொட்டிலருகே குழந்தையின் கையில் பெயர்ச்சீட்டைக் கட்டிக்கொண்டிருந்த கீச்சு நர்ஸ் திரும்பினாள். "நானும் கேட்டேன், எழுப்பவான்னு. வேணாம்னு கையை ஆட்டிட்டாங்க. நான் உள்ள வரும்போதெல்லாம் செருப்பை வாசல்லயே கழட்டிட்டு வந்தேன் தெரியுமா? அந்தச் சத்தத்துல நீங்க முழிச்சிடுவீங்களாம்." சொல்லிவிட்டு, இனி தன் வேலை இல்லை என்பதுபோல வெளியே போனாள். கீச்சுக் கீச்சென்ற சத்தம் நடைவழியில் தேய்ந்து போயிற்று.

கரண்ட் அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்காரும்போது அவளறியாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி அப்படிப் பண்ணின?"

"ஒண்ணும் தியாகமெல்லாம் இல்ல. உன்னைத் திட்டினேன். மனசுக்குள்ள எனக்குத் தெரிஞ்ச கெட்ட வார்த்தை எல்லாத்தையும் சொல்லித் திட்டினேன். போன தடவை வராததுக்கும் சேத்துத் திட்டினேன்." தங்கை இப்போது கண்ணைத் திறந்தாள். "எழுப்பலாம்னுதான் ரெண்டு தடவை வாயைத் திறந்தேன். உன் மூஞ்சியைப் பாத்தா மனசு வரல. அப்புறம் வலி வரும்போதெல்லாம் உன் குறட்டையைக் கேட்டேன். போன தடவை இந்த அறையில என் சத்தத்தைத் தவிர வேற சத்தமே இல்லக்கா."

கரண்ட் அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷத்து அழுகை, இரண்டு வாரத்து அசதி, எல்லாம் சேர்ந்து வந்தது. அடக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லயா?" என்று கேட்டாள்.

"பரவால்ல எல்லாம் இல்ல. ரொம்ப வலிச்சுது" என்றாள் தங்கை. "அந்தப் பொட்டியை இங்க குடு. திரும்பி உக்காரு."

"எதுக்கு?"

"திரும்புடின்னா."

பேடுகளில் பாதிப் பசைதான் மிச்சமிருந்தது. தங்கை படுத்தபடியே ரவிக்கைக்குக் கீழே அக்காவின் இடுப்பில் ஒவ்வொன்றாக வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். காலையில் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். குமிழை மெல்லத் திருப்பினாள்.

"எறும்பு ஊர்ற மாதிரி இருக்கா?"

ஒன்பது வருஷமாக எல்லோரிடமும் கேட்ட கேள்விக்கு என்ன பதில் என்று இப்போதுதான் கரண்ட் அக்காவுக்குத் தெரிந்தது. எறும்பு மாதிரியே இல்லை. வெயிலில் கிடந்த கல்லில் முதுகை வைத்த மாதிரி இருந்தது. அவள் தங்கையின் காலடியில் மெல்லச் சாய்ந்து, சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடினாள்.

"டைமர் எதுல இருக்கு?" என்றாள், நாக்குக் குழற.

"இருபதுல."

"மணிச் சத்தம் வராது, பாப்பா. அமர்த்தி வச்சிருக்கேன். நின்னதும் என்னை எழுப்பு."

"மாட்டேன்" என்றாள் தங்கை.