நின்றபடி ஓடிய வண்டி

சிக்னல் பச்சைக்கு மாறியதும் தனேஸ்வரன் மிதியை அழுத்தினார். வண்டி, கூப்பிட்டது காதில் விழாதவரைப் போலச் சற்று நின்றது. பிறகுதான் குலுங்கிக்கொண்டு நகர்ந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அந்தப் பெரிய எஸ்யூவி மகன் ஷர்வினுடையது. வேலைக்குச் சிங்கப்பூர் போனபோது அம்மாவுக்கென்று விட்டுப்போனான். தனேஸ்வரனின் மனைவி குமுதா தினமும் அதில்தான் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வந்தாள். ரவுண்டபவுட்டில் நுழையும்போது வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது, என்றைக்காவது எவனாவது இடிக்கத்தான் போகிறான் என்று அவள் சொன்னதுகூட அவரிடம் நேராகச் சொன்னதல்ல. மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மகன் அப்பாவுக்குப் போன் போட்டான். கொஞ்ச காலமாக அந்த வீட்டில் பேச்சு அந்த வழியாகத்தான் போய்வந்தது. சண்டை ஒன்றும் இல்லை. பையன் இருந்தவரை அவனைச் சாக்கிட்டுப் பேசினார்கள். அவன் போன பிறகு பேச என்ன இருக்கிறதென்று இருவருக்குமே தெரியவில்லை.

புந்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் பத்துமலை பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். தனேஸ்வரன் அங்கே எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லாரி ஓட்டிய நாளிலிருந்து பழக்கம். அவன் முதலில் ஏர் ஃபில்டரைச் சந்தேகப்பட்டான். புதிதாக மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள், அதே சோம்பல். பிளக்குகளைக் கழற்றினான், அவையும் நன்றாகவே இருந்தன. கடைசியில் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயைக் கழற்றி, டார்ச் அடித்து அவரைக் கூப்பிட்டுக் காட்டினான். மிதியை அழுத்தும்போது திறந்து காற்றை உள்ளே விடவேண்டிய வட்டத் தகட்டைச் சுற்றி, அடிப்பிடித்த பானையைப் போலக் கரி அப்பிக் கிடந்தது.

"இதான்ணே. மூச்சு விட முடியாம கெடக்கு. வண்டிய நிப்பாட்டி வச்சு ரொம்ப நேரம் எஞ்சின ஓட விடுறீங்களா?"

"இல்லையே. அவ வேலைக்குப் போயிட்டு நேரா வீட்டுக்குத்தான் வாரா."

"அப்ப ஜேம்லயே நிக்கிறாங்க போல இருக்குலா," என்றவன், துணியில் மருந்தை நனைத்துக் கரியைத் துடைக்க ஆரம்பித்தான்.

ஜேம், சாலையில் ஒரே நெரிசல் என்றுதான் அவளும் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை ஐந்து மணிக்கு முடிந்தாலும் வீடு வந்து சேர இருட்டிவிடும். வாழ்நாளெல்லாம் ஸ்டியரிங் பிடித்த தனேஸ்வரனுக்குத் தெரியாத சாலையா அது? மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஒரே ஒரு சிக்னல். சாப்பிட்டு முடிப்பதற்குள் வந்துவிடலாம். இதை இத்தனை நாள் யோசிக்காமல் இருந்தோமே என்று நினைத்துக்கொண்டார். பட்டறையில் வேலை முடிந்து அவர் ஓட்டித் திரும்பும்போது வண்டி கால் பட்டதுமே பாய்ந்தது. அவர் மனம் அதில் ஒட்டவில்லை. வண்டி சரியாகிவிட்டது என்று மகனுக்குச் செய்தி அனுப்பினார். மகன் அம்மாவுக்குச் சொல்லியிருப்பான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருத்துவமனைப் பக்கம் போனார். போகிற வழியெல்லாம் ஓர் ஆணின் முகம் வந்து வந்து போனது. ஒவ்வொரு தடவையும் வேறு முகம். இந்த வயதில் இப்படி யோசிக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. பள்ளித் திடலை ஒட்டிய மரத்தடியில் எஸ்யூவி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ஏர்கானிலிருந்து தண்ணீர் சொட்டித் தார்ச்சாலையில் ஓடையாகியிருந்தது. தள்ளியே நின்று பார்த்தார். உள்ளே இன்னொரு தலை இல்லை. குமுதா செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டைச் சாய்த்து, மடியில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலத்தை வைத்துக் கொறித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடுகள் அசைந்தன. யாரிடமோ போனில் பேசுகிறாள் என்று நினைத்தார். இல்லை, ரேடியோவோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். கையால் தாளம்கூடப் போட்டாள். அவள் பாடி அவர் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். ஆனால் கை அதற்குள் கண்ணாடியைத் தட்டியிருந்தது.

அவள் பாட்டை நிறுத்தி, ரேடியோவை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கினாள். குளிர்ந்த காற்று அவர் முகத்தில் பட்டது.

"யாரும் கூட இல்ல," என்றாள்.

"நான் அத கேக்கலயே."

"கேக்க மாட்டீங்க. நீங்க என்னத்த கேட்டிருக்கீங்க?" பொட்டலத்தை மடித்து வைத்தாள். குரலில் கோபம் இல்லை. "இங்க நான் ஒருத்திதான்னு எனக்குத் தெரியும். அது ஒண்ணும் பண்ணல. வீட்டுல நீங்க இருக்கும்போதே அப்படி இருக்கு பாருங்க, அதான் முடியல."

சொல்ல அவரிடமும் இருந்தது. ஐந்து மணி ஆனால் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, தெருவில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் காதைக் கொடுத்துக்கொண்டிருப்பதைச் சொல்லலாம். அவளுக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் கலக்கி, ஆறியதும் தானே குடித்துவிடுவதைச் சொல்லலாம். எதை முதலில் சொல்வதென்று தெரியாமல் கதவின் விளிம்பைத் தடவினார்.

"வண்டி இப்ப நல்லா இழுக்குதா?" என்று கேட்டார்.

குமுதா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் போகிறாளா அழப் போகிறாளா என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"இழுக்குது," என்றாள். பிறகு, "முன்னால போங்க. வாரேன்."

அவர் மோட்டாரைக் கிளப்பி மெல்லவே போனார். பக்கக் கண்ணாடியில் எஸ்யூவியின் விளக்கு எரிவதும், அது மரத்தடியைவிட்டு நகர்வதும் தெரிந்தது. முந்தவில்லை, அவருடைய வேகத்துக்கே பின்னால் வந்தது. ரவுண்டபவுட்டில் நாலாபுறமிருந்தும் வண்டிகள் வந்து நடுவே நுழைந்தன. அதைத் தாண்டியபோது கண்ணாடி நிறைய விளக்குகளாக இருந்தது. அவற்றில் அவளுடையது எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு கண்ணைக் கண்ணாடியிலேயே வைத்தபடி, சாலையின் இடது ஓரமாக இன்னும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார்.