மூன்றாவது பாட்டில்

டெல்லி கருத்தரங்கிலிருந்து திரும்பிய நாள் முதல் டாக்டர் வைத்தீஸ்வரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் யாருக்கு ரத்த அழுத்தம் இறங்கினாலும் ஜூனியர்களைக் கூட்டிவைத்து, அங்கே கற்றுவந்ததை மானிட்டரில் காட்டுவார். "மூச்சோட சேர்ந்து பிரஷர் கோடு ஏறி இறங்குதா? அப்போ சலைன் ஏத்துங்க, பிரஷர் தானா ஏறும்." இரண்டாயிரத்து மூன்றில் பெங்களூரில் இதைப் பேசுகிற ஆள் தான் ஒருவர்தான் என்ற மிதப்பு வேறு.

சிவாஜிநகர் துணிக்கடைகளில் மூட்டை தூக்குகிற முனியப்பன் நிமோனியாவோடு வந்து வென்டிலேட்டரில் கிடந்தார். அழுத்தம் சரிந்தது. கோடு ஆட்டமாய் ஆடியது. வைத்தீஸ்வரன் ஜூனியர்கள் முன்னால் ஒரு பாட்டில், இன்னொரு பாட்டில் என்று ஏற்றச் சொன்னார். அழுத்தம் அசைந்தால்தானே! கோடுதான் ஆடுகிறதே என்று மூன்றாவதையும் ஏற்றினார். சாயங்காலத்துக்குள் நுரையீரலில் நீர் கோத்து, மூச்சுக்குழாய் வழியே நுரை பொங்கியது.

அப்போதுதான் போர்வையை விலக்கி நெஞ்சைப் பார்த்தார். மனுஷன் இயந்திரத்தோடு மல்லுக்கட்டித் தானாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். நோயாளி தானாக மூச்சு விட்டால் அந்த இழுப்பிலேயே கோடு ஆடும்; அதை நம்பவே கூடாது. வைத்தீஸ்வரனுக்குத் தெரியாததா? வகுப்பில் அவரே வாய்கிழியச் சொன்னதுதான். வித்தை காட்டுகிற அவசரத்தில் போர்வையை விலக்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலை முனியப்பன் இறந்துபோனார்.

வெளியே பெஞ்சில் இருந்த மனைவி காந்தாவிடம் அவரே போய்ச் சொன்னார். அவள் அழவில்லை. எழுந்து கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நெஞ்சுல தண்ணி நின்னுடுச்சுன்னு சிஸ்டர் சொன்னாங்க சார். நான்தான் சார் பண்ணிட்டேன். உள்ள பார்க்க விட்டப்போ உதடு காஞ்சு கெடந்துச்சு. யாருக்கும் தெரியாம பஞ்சுல ஸ்வல்ப தண்ணி நனைச்சு வாயில பிழிஞ்சேன். பசங்களுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பழி அவளோடு போய்விடும். அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கே அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீங்க இல்லம்மா. அந்தச் சொட்டுத் தண்ணி ஒண்ணும் பண்ணாது. நான்தான் வேண்டாத சலைனை ஏத்திட்டேன். பார்க்க வேண்டியதைப் பார்க்கல. தப்பு என்னோடது."

காந்தா அவர் முகத்தையே பார்த்தாள். அதுவரை அழாதவள் பொலபொலவென்று அழுதாள்.

"எனக்காகப் பழியைத் தூக்கி உங்க மேல போட்டுக்கறீங்களே சார். இந்த மனசு யாருக்கு வரும்?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நெஜமாத்தாம்மா சொல்றேன்" என்றார். மறுபடியும் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல அவள் இன்னும் குனிந்து கும்பிட்டாள்.