கொஞ்சம் பாத்துக்கோ

"வலது கையை மொதல்ல விடு. அது வெறச்சுப் போச்சு. இடது கை இன்னும் கொஞ்சம் மடங்குது," என்றாள் அத்தை.

மகள், அப்பாவின் வலது கையைச் சட்டைக்குள் நுழைத்தாள். பந்தய உடுப்பின் மேல்பாதியை உரித்து இடுப்பில் முடிந்துகொண்டிருந்தாள். காது மடல் வரை செம்மண். மைதானத்திலிருந்து நேராக வந்தவள், முகத்தைக்கூட இன்னும் கழுவவில்லை.

அப்பா போனது அவளுக்குத் தெரிந்ததே தெருமுனையில்தான். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளைப் பார்த்து, "நம்ம வீட்டுல என்னங்க கூட்டம்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். வேனை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் ஓரமாக நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்து, கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதைச் சொல்லும் நாலு வார்த்தைக்கு அவனுக்கு அந்தத் தெருமுனைதான் வாய்த்தது.

"உன்னைத் திட்டணும், திட்டணும்னுக்கிட்டே போனான்டி," என்றாள் அத்தை. அப்பாவின் தங்கை. அழுது முடித்துவிட்டு, இப்போது வேலையில் இறங்கியிருந்தாள்.

"என்னையா? எதுக்கு?"

"அவன் குடையை எடுத்துட்டுப் போயிட்டியாமே. நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், அப்பவும் குடைதான். 'போனைப் போடு, அவளை நாலு கேள்வி கேக்கணும்'னான். போட்டேன். உன் வீட்டுக்காரர் எடுத்தாரு."

அவள் கை நின்றது. போட்டி நாளில் அவளுடைய போன் கணவனின் பையில்தான் இருக்கும். அவன்தான் அவளுடைய மெக்கானிக்.

"எடுத்து என்ன சொன்னாரு?"

"நீ ஓட்டிக்கிட்டு இருக்கே, முடிஞ்சதும் பேசச் சொல்றேன்னாரு. அதுக்குள்ள டாக்டர் வந்தாரு. டாக்டர் வந்து என்ன, இவன் கெளம்பிட்டான். திரும்பப் போட்டேன். சொன்னேன். 'சரி அத்தை'ன்னு வெச்சுட்டாரு."

"மொதல் தடவை போட்டது எப்ப அத்தை?"

"தூறல் விழுந்துச்சே, துணியை எடுக்க ஓடினேனே, அப்ப."

அவள் காலர் பொத்தானைப் போட்டாள். அது சரியாக நுழையவில்லை. பிரித்து மறுபடி போட்டாள்.

"தூறலுக்குப் பந்தயத்தை நிறுத்திட்டாங்க அத்தை. தடத்துல டிராக்டர் ஓடிட்டிருந்துச்சு. நான் எங்கயும் ஓட்டல. அவரு பக்கத்துல ஸ்டூல்ல, அப்பா குடைக்கு அடியில உக்காந்து வாழைப்பழம் தின்னுட்டு இருந்தேன்."

அத்தை அண்ணனின் சட்டை மடிப்பை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

பின்கட்டில் தண்ணீர் பீய்ச்சும் சத்தம் கேட்டது. கணவன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தான். பிரேக் இல்லாத, ஒரே கியர் மட்டுமே உள்ள அந்தப் பந்தய மோட்டார் சைக்கிளை, வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு, சக்கரக் கம்பி கம்பியாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

"குழாயை நிறுத்துங்க," என்றாள் அவள், பின்கட்டுக்குப் போய்.

"மண்ணு காஞ்சா செயினைத் தின்னுடும்..."

"நிறுத்துங்கன்னேன்."

நிறுத்தினான்.

"அப்பா பேசணும்னு கேட்டப்ப ஏன் குடுக்கல?"

"மாமாதான் உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னாரு."

"எந்த மாமா? குடைக்காக என்னை நாலு கேள்வி கேக்கணும்னு துடிச்சாரே, அந்த மாமாவா?"

அவன் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டான். அடைக்க அதில் தண்ணீர் வரவில்லை.

"இத பாரு. உலகப் போட்டிக்குத் தகுதிச் சுற்று. பதினாறு பேர்ல நாலு பேருதான் தேறுவாங்க. நீ விளிம்புல நிக்கிறே, கடைசி ஓட்டத்துல மொதலா வந்தாத்தான் உண்டு. அப்பப் போயி போனைக் குடுத்தா நீ ஓட்டியிருப்பியா?"

"மாட்டேன். வீட்டுக்கு வந்திருப்பேன். வந்து திட்டு வாங்கியிருப்பேன்."

"நமக்காகத்தான்டி..."

"நமக்கா? யாரு நமக்கு? அவரு செத்ததுக்கு அப்புறமும் என் கையுறையை இழுத்து மாட்டிவிட்டியே, அப்ப உன் கை நடுங்கக்கூட இல்லையே!"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனை 'நீ' என்றதில்லை. சொன்னது இருவர் காதிலும் விழுந்தது. அவள் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

அப்பாவுக்கு இந்தப் பந்தயம் கடைசிவரை பிடிபடவே இல்லை. ஆயுசு முழுக்கப் பேருந்து ஓட்டியவர். "நாலு பேரு, நாலு சுத்து, எல்லாரும் இடது பக்கமே திரும்புறீங்க. ஏன், வலது பக்கம் உங்க மாமியாரா நிக்கிறாங்க?" என்பார். பிரேக் இல்லை என்று கேட்ட நாளில் சோற்றை வைத்துவிட்டு எழுந்து போனார். அதற்காக ஒரு போட்டியின் முடிவைக்கூடக் கேட்காமல் இருந்ததில்லை.

பக்கச் சந்து வழியாக நெட்டையன் வந்தான். அவளோடு கடைசி ஓட்டத்தில் ஓடியவன், ஆறடிக்கு மேல் ஓர் ஆள். பகலில் லாரி ஷெட்டில் வெல்டிங், வார இறுதியில் பந்தயம். அவளைப் 'பொடிசு' என்று கூப்பிட்டே வம்புக்கு இழுப்பவன், இப்போது கையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றான்.

"அப்பா விஷயம்... ரொம்ப வருத்தம்," என்றான். பேச்சில்லாமல் நிற்கக் கூச்சப்பட்டு, "நீயும் இன்னைக்கு ரொம்ப நல்லா ஓட்டினே," என்றும் சேர்த்தான்.

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ என்னை நல்லா ஓட்டினேன்னு சொன்னதே இல்லையே."

"அது... இல்ல..."

"போன மாசம் உன்னை ஜெயிச்சப்ப என்ன சொன்னே? 'கிழவி சைக்கிள் மிதிக்கிற மாதிரி மிதிச்சு எப்படியோ வந்துட்டே'ன்னே. இன்னைக்கு மட்டும் என்ன புதுசா மரியாதை?"

நெட்டையன் அவள் கணவனைப் பார்த்தான். அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது.

கடைசி வளைவு அவள் கண்முன் வந்தது. நெட்டையன் முன்னால். உள்பக்கம் ஒரு வண்டி நுழையும் அளவுக்குத் திடீரென்று வழி திறந்தது. அவன் சறுக்கிவிட்டான் என்று நினைத்து நுழைந்தாள். கோட்டைத் தாண்டியதும் தொண்டை கிழியக் கத்தினாள். முதலாக வந்ததற்கு மூன்று புள்ளி. மொத்தத்தில் நாலாவது இடம். ஒரே ஒரு புள்ளியில், அதுவரை நாலாவதாக இருந்த தபால்காரர் ஐந்தாவதாகிப் போனார். அந்த மனுஷர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதை அவள் பார்த்தாள். பார்த்து, சந்தோஷப்பட்டாள்.

"ஆக்சிலேட்டரை மூடினியா?"

"எனக்கு ரெண்டாவது வந்தாலே போதும். நான் ஏற்கெனவே தேறியாச்சு, அதனால..."

"மூடினியா இல்லையா?"

"அண்ணன்தான் வந்து சொன்னாரு. 'அவங்கப்பா போயிட்டாரு. அவகிட்டச் சொல்லல. கொஞ்சம் பாத்துக்கோ'ன்னாரு. சரின்னு பாத்துக்கிட்டேன்."

"நான் அந்த அர்த்தத்துலயா சொன்னேன்?" கணவன் குழாயைக் கீழே போட்டான். "இடிச்சுக் கிடிச்சுடாதடா, பாத்துக்கோன்னேன்!"

"இடிக்காம இருக்கறதுக்கு நீங்க சொல்லணுமாண்ணே? எந்த ஆபீசுல போய், 'கொஞ்சம் பாத்துக்கங்க சார்'னாலும் என்ன அர்த்தம்? ஊருல எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தானே?"

"சொல்லு," என்றாள் அவள் கணவனிடம். "எதைப் பாத்துக்கச் சொன்னே?"

பின்னால் சக்கரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைத் திரும்பிப் பார்த்தான்.

"என் போனைக் குடு."

ஈரக்கையைக் கால்சட்டையில் துடைத்து எடுத்துக் கொடுத்தான். அவள் போட்டிச் செயலாளரின் எண்ணைத் தேடி அழுத்தினாள்.

"ஆமா சார், கேள்விப்பட்டிருப்பீங்க... இல்ல, ஆறுதல் அப்புறம் சொல்லுங்க. நாலாவது இடம் எனக்கு வேணாம். தபால்காரரை அனுப்புங்க... யோசிச்சுட்டேன்... எழுதித் தர்றேன், நாளைக்கு. காரணமா? கடைசி ஓட்டம் நான் ஜெயிக்கல. அதான் காரணம்."

"உனக்கென்ன பைத்தியமா?" கணவன் குரல் உடைந்தது. "எத்தனை வருஷ உழைப்புடி! நீயா வந்து இஞ்சினைப் பிரிச்சே? ராத்திரி பகலா நான்... ரெண்டு பேருக்கும் சேர்த்துதானே அது? என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேக்கல," என்றாள். "எப்படி இருக்கு?"

நெட்டையன் தலையைக் குனிந்துகொண்டான். "நான் நல்லதுக்குத்தான் பொடிசு..."

"எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. எங்கப்பன் ஒருத்தன்தான் திட்டணும்னு நெனச்சிருக்கான், அதையும் விடல."

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. அத்தை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அப்பாவைக் கிடத்திய ஸ்ட்ரெச்சரைத் தூக்க நாலு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் கால்பக்கம் நின்றார்கள். தலைப்பக்கம் கணவன் குனிந்தான்.

"நகரு," என்றாள் அவள்.

அவன் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தான். அத்தை சுவரைப் பார்த்தாள். அவன் நகர்ந்தான்.

அவள் குனிந்து ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்தாள். தலைப்பக்கத்தில் எதிர்க் கைப்பிடிக்கு நெட்டையன் வந்தான். தூக்கினார்கள். அப்பா கனமான ஆள். ஆனாலும் அவள் கைக்குப் பாரமே தெரியவில்லை. பக்கவாட்டில் பார்த்தாள். நெட்டையன் தோளை உயர்த்தி, மறு கையைக் குறுக்கே கொடுத்து, அவள் பக்கத்துச் சட்டத்தையும் சேர்த்துத் தாங்கிக்கொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"கையை எடு," என்றாள் மெதுவாக.

அவன் தயங்கினான்.

"எடு."

எடுத்தான். அவள் பக்கம் ஸ்ட்ரெச்சர் சட்டென்று தாழ்ந்தது. முழங்கால் ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. கைப்பிடி உள்ளங்கையை அறுத்துக்கொண்டு இறங்க, அவள் இன்னொரு கையையும் கொடுத்து இறுக்கிப் பிடித்தாள்.

"படி இருக்கு," என்றாள் அத்தை.

"தெரியும்," என்று சொல்லி, காலால் துழாவி, முதல் படியில் வைத்தாள்.