கம்பளிச் சடை

ஸ்வெட்டரின் கழுத்துக்குப் பின்னால் ஒரு துண்டுத் துணியை வைத்துத் தைப்பது ஆலையில் அக்காவின் வேலை. அந்தத் துண்டில் அளவு இருக்கும், கம்பெனி பெயர் இருக்கும், அதற்குக் கீழே எப்படித் துவைக்க வேண்டும் என்று சின்னச் சின்னப் படங்கள் இருக்கும். வெந்நீர் கூடாது, கசக்கக் கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. ஷிப்டு முழுவதும் அவள் இதைத்தான் தைத்துத் தள்ளினாள். படங்களைப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது? துண்டு கோணாமல் உட்கார்ந்ததா என்று மட்டும் பார்ப்பாள்.

தங்கை மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தாள். கவுண்டரில் நின்றுகொண்டிருந்தவள். ஒரு காய்ச்சலில் படுத்து எழுந்ததும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்க்காமல் அவள் தலையையே பார்க்கிறார்கள் என்று அவளாகவே கேட்டு உள் அறைக்குப் போய்விட்டாள். ஒன்றரை வருடமாக அங்கே உட்கார்ந்து பிரேமுக்குத் திருகாணி முடுக்கினாள். இப்போது முடி தோளைத் தொட்டிருந்தது. அடர்த்திதான் இல்லை. திங்கட்கிழமையிலிருந்து கவுண்டருக்கு வருகிறாயா என்று முதலாளி கேட்டபோது, வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்த கையோடு போனில் ஒரு படத்தை அக்காவிடம் நீட்டினாள். இடுப்பு வரைக்கும் மெல்லிய சடைகள் தொங்க ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவும் முடியாடி?"

"நூலுக்கா. நம்ம முடியோட சேர்த்து வெச்சுப் பின்றது. ஒரு மாசம் அப்படியே நிக்குமாம்."

"நூல்தானே? நம்ம வீட்ல இல்லாத நூலா!"

அது உண்மை. அக்காவின் கணவர் அதே ஆலையில் பின்னல் மெஷின் ஓட்டுகிறவர். அடியில் கொஞ்சம் நூல் மிஞ்சிய கோன்களை வீட்டுக்குக் கொண்டுவர அனுமதி உண்டு. கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய இருந்தது. எப்படிப் பின்னுவது என்று தங்கை போனில் தேடி எடுத்த வீடியோவில் பேசிய பெண் அக்ரிலிக் நூல் வாங்கச் சொன்னாள். அக்காவுக்கு மூக்கு விடைத்தது.

"அந்த பிளாஸ்டிக்கையா தலையில வைப்பாங்க? இது சுத்தமான கம்பளிடி. கோட்டு சூட்டு போடறவங்க மேல ஏர்றது. கறுப்பைப் பாரு, உன் முடியே தோத்துடும்."

முதலில் தரை துடைக்கும் மாப்பைக் கதவுப் பிடியில் கட்டி அதில் பழகினார்கள். நூலை நடுவில் மடித்து, வேரில் ஒரு சுற்றுச் சுற்றி, மூன்று பிரியாகப் பிரித்துப் பின்ன வேண்டும். சனிக்கிழமை காலை டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மாமா வாசலில் நின்று பார்த்தார்.

"மாப்பைப் பொண்ணு பாக்க வர்றாங்களா?"

"போங்க மாமா. நீங்க டபுள் ஷிப்டு முடிச்சு நாளைக்குக் காலையில வர்றப்ப என்னை அடையாளமே தெரியாது."

"என் தலை பக்கம் மட்டும் வந்துடாதீங்க. இருக்கறது நாலு முடி" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.

தங்கை தரையில் உட்கார, அக்கா நாற்காலியில் அமர்ந்து சீப்பின் வாலால் வகிடெடுத்தாள். கட்டங்கள் கோணல்மாணலாக வந்தன. முதலில் பின்னிய சடைகள் தலையை ஒரு ஆட்டு ஆட்டியதும் கழன்று மடியில் விழுந்தன. பிறகு அக்காவுக்குக் கை பிடிபட்டது. வேரிலேயே இறுக்கினால் நூல் நிற்கிறது.

"வலிக்குதா?"

"வலிச்சாதான் நிக்குமாம். நீ இழு."

அக்கா இழுத்தாள். சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசிச் சடையின் நுனியில் முடிச்சுப் போட்டுவிட்டு அவள் எழுந்தபோது முதுகு நிமிரவில்லை. தங்கை கண்ணாடி முன்னால் நின்றாள். பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். சடைகளை ஒரு கையால் பின்னால் தள்ளிவிட்டு, "பவர் செக் பண்ணிட்டீங்களா சார்? இந்த பிரேம் உங்க முகத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். குரல் பழைய கவுண்டர்க் குரல். அக்கா அதைக் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது.

"எது முடி, எது நூலுன்னு எனக்கே தெரியலடி."

தங்கை ஒரு சடையை மூக்கருகில் கொண்டுபோனாள். முகம் சுருங்கியது.

"அக்கா, மாமா சட்டை வாடை வருது."

மெஷினில் ஓட வேண்டும் என்பதற்காகக் கோன் நூலில் எண்ணெய் போட்டிருப்பார்கள். பெட்டிக்குள் இருந்தவரைக்கும் தெரியவில்லை. தலைச் சூட்டில் அது கிளம்பிவிட்டது.

"ஒருத்தருக்குக் கண்ணாடி மாட்டி விடணும்னா முகத்துக்குப் பக்கத்துல குனியணும். இந்த நாத்தத்தோடவா?"

ஆலை எண்ணெயைப் போக்குவது எப்படி என்று அக்காவுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து கணவரின் சட்டைகளைத் துவைத்துக்கொண்டிருப்பவள். அடுப்பில் தண்ணீரைச் சுட வைத்தாள். தங்கையைக் குளியலறை வாளி முன்னால் குனிய வைத்து, பொறுக்கிற சூட்டில் மொண்டு ஊற்றி, ஷாம்பூவைத் தாராளமாகப் பிதுக்கி, ஒவ்வொரு சடையையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக் கசக்கினாள். அலசினாள். வாடை போகவில்லை. மறுபடியும் வெந்நீர், மறுபடியும் கசக்கல். கடைசியில் பச்சைத் தண்ணீர். பிறகு துண்டில் சுற்றி முறுக்கிப் பிழிந்தாள். சடைகள் கொஞ்சம் உப்பினாற்போல் இருந்தன. வாடை சுத்தமாகப் போயிருந்தது. அதில் இருவருக்கும் திருப்தி.

காலையில் தங்கை அறையிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கறே?"

"முழிக்கலக்கா. புருவம் கீழ வர மாட்டேங்குது."

இடுப்பில் இருந்த சடைகள் தோளுக்கு ஏறியிருந்தன. ஒவ்வொன்றும் விரல் தடிமனில், விறைப்பாக, பின்னலின் அடையாளமே இல்லாமல் இருந்தது. நெற்றி ஓரத்தில் தோல் சிவந்து, முடிக்கால்கள் பொடிப்பொடியாகப் புடைத்திருந்தன. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, எந்தப் பக்கம் படுத்தாலும் குச்சி மேல் படுத்த மாதிரி இருந்தது என்றாள். அக்கா ஒரு நுனி முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள். அங்கே முடிச்சே இல்லை. நுனி ஒரே உருண்டையாக இருந்தது.

ஷிப்டு முடிந்து வந்த மாமா வழக்கம்போல் கேலியோடுதான் உள்ளே நுழைந்தார். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். ஒரு சடையைக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தார்.

"வெந்நீர் விட்டீங்களா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள்.

"சோப்பு?"

"ஷாம்பூ" என்றாள் அக்கா.

"எங்க ஆலையில தொப்பித் துணி பண்றது இப்படித்தான். கம்பளியை வெந்நீர்ல போட்டு, சோப்பு விட்டு, தொட்டியில அடிப்போம். இழையெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டி ஒரே தகடாயிடும்."

"அதை எப்படி மாமா பிரிப்பீங்க?"

"தொப்பியை யாரும்மா பிரிப்பாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டார். மனைவியை ஒருமுறை பார்த்தார். துவைக்கிற படங்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அக்காவுக்குத் தோன்றியது.

மூவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். எண்ணெய் தடவினார்கள். கண்டிஷனரைக் குழைத்துப் பூசினார்கள். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்து, காதுக்குப் பின்னாலிருந்த ஒரே ஒரு சடையை அக்கா நுனியிலிருந்து குத்திக் குத்திப் பிரித்தாள். சாப்பாட்டு நேரம் வந்தபோது விரல்கணு அளவுதான் பிரிந்திருந்தது. துணியில் கறுப்புப் பிசிறுகள் சேர்ந்திருந்தன. அதில் எவ்வளவு நூல், எவ்வளவு முடி? வெளிச்சத்தில் பிடித்தார்கள், தெரியவில்லை. ஆலையில் நூலைச் சோதிக்கிற வழக்கப்படி மாமா ஒரு பிசிறை எடுத்து, தீக்குச்சியைக் கிழித்து, அருகில் கொண்டுபோனார். அப்படியே ஊதி அணைத்துவிட்டார்.

"ஏன் மாமா?"

"கம்பளின்னா முடி கருகற வாடை வரும். அதை வெச்சுத்தான் நாங்க கண்டுபிடிப்போம். இங்க அது எதுக்கு ஆகும்?"

தங்கைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தபோது நெற்றி இழுத்தது. "அம்மா" என்று தலையைப் பிடித்துக்கொண்டாள்.

தெருக்கோடி பார்லர் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். பார்லர்காரம்மா வாடிக்கையாளர் ஒருத்திக்கு முகத்தில் எதையோ பூசிவிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்தாள். ஒரு சடையைத் தூக்கினாள். விட்டாள். அது கீழே விழாமல் அப்படியே நின்றது.

"யாரு செஞ்சது இது?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"படிச்சியா எங்கயாவது?"

"வீடியோ பாத்து..."

"நல்லாத்தான் பின்னியிருக்கே. தேரையே கட்டி இழுக்கலாம்."

முழுசாக எடுத்தால் எவ்வளவு மிஞ்சும் என்று தங்கை கேட்டாள். பார்லர்காரம்மா வேரில் விரலை வைத்துக் காட்டினாள். ஒன்று, ஒன்றரை விரற்கடை. கொஞ்சம் கீழே வெட்டிப் பாருங்களேன், உள்ளே பிரிந்து வரலாம் என்று தங்கை கெஞ்சினாள். பார்லர்காரம்மா மறுக்கவில்லை. நெற்றியோரத்துச் சடை ஒன்றைப் பாதியில் நறுக்கினாள். வெட்டுவாய் பிரஷ் முனை போல இருந்தது. எதுவும் பிரியவில்லை. இன்னும் மேலே நறுக்கினாள். அங்கேயும் அதே பிரஷ்தான். மூன்றாம் தடவை கத்தரியை வேரில் வைத்தாள்.

சடை தரையில் விழுந்ததும் தங்கை அழுதாள். அக்கா ஓடி வந்து குனிந்தாள்.

"வேண்டாம்னா விட்டுடலாம்டி. இப்படியே போலாம், ஒரு வாரம் பொறுத்து..."

"இல்லக்கா. அந்த இடத்துல வலி போயிடுச்சு. அதான் அழறேன்." மூக்கை உறிஞ்சினாள். "எல்லாத்தையும் வெட்டச் சொல்லு."

அக்காவுக்கு நிற்க இடம் தெரியவில்லை. கத்தரி பக்கம் நின்றால் பார்லர்காரம்மாவின் முழங்கை இடித்தது. எதிரே நின்றால் கண்ணாடி மறைந்தது. தங்கையின் கைப்பையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றாள். பாதித் தலை முடிந்திருந்தபோது தங்கை கைப்பையிலிருந்து போனை எடுக்கச் சொன்னாள். கைகள் கழுத்தில் கட்டிய போர்வைக்குள் இருந்ததால் பார்லர்காரம்மாவே அவள் சொன்னபடி கண்ணாடிக் கடை முதலாளியின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அவள் வாயருகே பிடித்தாள்.

"சார், நாளைக்கு நான் உள்ளேயே இருந்துக்கறேன் சார்."

ஏன் என்று கேட்பார், கேட்டால் இதைச் சொல்லலாம் என்று அக்கா மனதுக்குள் வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.

"அப்படியாம்மா? நல்லதாப் போச்சு. புதுசா ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்திருந்தது. அதையே முன்னாடி நிறுத்திடறேன். உள்ள வேலைக்கு உன்னை மாதிரி ஆள் வேற கிடைக்காது."

"சரிங்க சார்."

"சார், ஒரு நிமிஷம்" என்று அக்கா சுவரை விட்டு வந்தாள். இன்னும் நாலு மாதம் பொறுங்கள் சார், முடி வளர்ந்துவிடும் என்பதுதான் அவள் வாயில் இருந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

பார்லர்காரம்மா போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். தங்கையின் தலையை இரண்டு விரலால் மெல்லச் சாய்த்து, மறுபக்கத்துச் சடையைப் பிடித்தாள்.