பார்க்காமல் போட்ட கையெழுத்து

பூலோகத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். மச்சான் சொரிமுத்து நீட்டிய ஃபாரத்தைப் பார்த்ததும் இரண்டும் ஒன்றாக நடந்தன.

சொரிமுத்து பம்பாய் தாராவியில் இட்லி மாவு அரைத்து மாட்டுங்கா ஓட்டல்களுக்குப் போடுகிறவர். இத்தனை நாளும் வாடகைக் கிரைண்டரில் காலம் தள்ளியவர், இப்போது சொந்தமாக ஒரு கொட்டகை போட்டுவிட்டார். மூன்று பெரிய கிரைண்டர், தரையெல்லாம் புதுக் கடப்பைக் கல், வெள்ளிக்கிழமை திறப்பு. கரண்ட் மீட்டர் ஏற வேண்டுமானால், வயரிங்கைச் சோதித்தேன், சரியாக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன் அந்த ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பூலோகம் அந்த லைசென்ஸை வாங்கி இருபது நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலேயே லைசென்ஸ் இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும் என்று சொரிமுத்து நினைத்ததில் தப்பில்லை. ஆனால் தங்கை புருஷன் விக்ரோலியில் ஒரு ஃபாக்டரி வேலையாகப் போயிருந்த வாரம் பார்த்து, எவனோ ஒருத்தனைக் கூப்பிட்டு மலிவாக வயர் இழுத்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் மாப்பிள்ளையைத் தேடினால் காது சிவக்காமல் என்ன செய்யும்?

பார்க்காமல் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்தான். வயரிங் ஒன்றும் மோசமில்லை. எர்த் கம்பி எங்கே போகிறது என்று பிடித்துக்கொண்டே போனான். அது கொட்டகைக்கு வெளியே, சந்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கிற குழாயின் கழுத்தில் சுற்றியிருந்தது.

தாராவியில் குழாயில் எர்த் கட்டுவது ஒன்றும் புதுசு இல்லை. இரும்புக் குழாய் மண்ணுக்குள் போகிறது, கெட்ட கரண்டும் அதோடு மண்ணுக்குள் போய்விடும் என்பது ஊர்க் கணக்கு. ஆனால் இந்தக் குழாய் போன மழைக்கு உடைந்து, நடுவில் மூன்றடிக்கு பிளாஸ்டிக் பைப் வைத்து ஒட்டியிருந்தார்கள். பெண்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டிலிருந்து கரண்ட் எடுத்து, ஒரு பல்பின் ஒரு முனையை அதிலும் மறுமுனையைக் குழாயிலும் வைத்துப் பார்த்தான். எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவே இல்லை.

கிரைண்டருக்குள் ஒரு வயர் உரசினால் போதும். மண்ணுக்குள் போக வழியில்லாத கரண்ட் கிரைண்டர் உடம்பிலும் குழாயிலும் ஆளுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு மாவு வழிக்கப் போவது யார்? சொரிமுத்துவின் பெண்டாட்டி பேராச்சியும், பூலோகத்தின் பெண்டாட்டி முருகம்மாளும்தான்.

வெளியே சாக்கடை போக மிச்சம் ஒரு ஆள் நடக்கத்தான் இடம். அதனால் புது எர்த்துக்குக் கொட்டகைக்குள்ளேயே நாலு கல்லைப் பெயர்த்து, ஆறடிக் குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டித் தகடு இறக்க வேண்டும் என்றான். புதுத் தரையை உடைப்பதா என்று சொரிமுத்து குதித்தார். ஊரில் இருக்கிற ஒர்க்ஷாப் எல்லாம் குழி வெட்டியா ஓடுது, லைசென்ஸ் வந்ததும் தலையில் கொம்பு முளைத்துவிட்டதா என்று சந்து முழுக்கக் கேட்கும்படி பேசிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்தால் அங்கே முருகம்மாள்.

"உள்ள நகையெல்லாம் வித்துப் போட்டிருக்கான். ஒரு கையெழுத்துதான? எங்கண்ணன் பொழப்புல மண்ணப் போடாதிய."

"நீ செத்தா அதே அண்ணன்தாம்ட்டி வந்து அழுவான்" என்றான் பூலோகம். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாளே சொரிமுத்து கையெழுத்து வாங்கிவிட்டார். 'எர்த் சோதித்தது, சரி' என்ற வரிக்குக் கீழே கிங்ஸ் சர்க்கிள் பஞ்சுவின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. பஞ்சு பழைய எலெக்ட்ரிக் காண்ட்ராக்டர். தாராவியில் அவர் கையெழுத்து இல்லாத கொட்டகை குறைவு. தாராவிக்குள் அவர் காலடி பட்ட கொட்டகை ஒன்றுகூடக் கிடையாது.

பூலோகம் நடந்தே கிங்ஸ் சர்க்கிள் போனான். அந்தக் கையெழுத்தை ரத்து பண்ணுங்க, ரெண்டு பொம்பளைங்க உசிரு என்று நின்றுகொண்டே சொன்னான். பஞ்சு பேப்பரை மடித்து வைத்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஏண்டா, என்கிட்ட அஞ்சு வருஷம் வேலை பார்த்தேன்னு உனக்கு சர்டிபிகேட் கொடுத்தேனே, அதுவும் பார்க்காமப் போட்டதுதானே? அன்னிக்கு இனிச்சுது, இன்னிக்குக் கசக்கறதோ?"

பதிமூன்று வருஷம் நாகூர் மீரான் பாயிடம் வேலை பார்த்தவன் பூலோகம். பாயைவிடச் சுத்தமாக வயரிங் செய்கிற ஆள் பம்பாயில் உண்டா என்று பந்தயமே கட்டுவான். ஆனால் பாய்க்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் உள்ளவனிடம் பார்த்த வேலைதான் வேலை என்பது சட்டம். உழைத்த பதிமூன்று வருஷம் சைபர் ஆயிற்று, பஞ்சு பொய்யாக எழுதிய ஐந்து வருஷம் லைசென்ஸ் பரீட்சையில் உட்கார இடம் கொடுத்தது. அந்தச் சர்டிபிகேட்டை மாட்டுங்காப் பழக்கத்தில் வாங்கிக் கொடுத்ததும் இதே சொரிமுத்துதான்.

"நீ புகார் எழுதினா நானும் ஒரு லெட்டர் எழுதுவேன். எனக்கு ஃபைன் போடுவான். உனக்கு லைசென்ஸே போயிடும். ஆத்துக்குப் போய் நன்னா யோசிச்சுக்கோ" என்றார் பஞ்சு.

திரும்பி வருகிற வழியெல்லாம் பூலோகம் பஞ்சுவைத் திட்டினான், சட்டம் எழுதியவனைத் திட்டினான். சயான் வந்ததும் தன்னையே திட்டிக்கொண்டான். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தான் செய்யும். அந்தப் பயம்தான் அவனை அதிகமாக எரித்தது.

வியாழக்கிழமை காலை சொரிமுத்து உளுந்து வாங்கப் போன நேரம், கடப்பாரையோடு கொட்டகைக்குள் இறங்கினான். அவர் திரும்பி வந்தபோது நாலு கல்லும் பெயர்ந்து கிடந்தன, பூலோகம் இடுப்பளவு குழிக்குள் நின்றான். சொரிமுத்து வாயில் வந்ததையெல்லாம் கொட்டினார், சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார். சத்தம் கேட்டு வந்த முருகம்மாள் அண்ணனையும் தடுக்கவில்லை, புருஷனையும் தடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மீட்டரோடு லைன்மேன் வந்துவிட்டார். எர்த் சரி என்று எழுதியிருக்கிறதே, பிறகு குழி எதற்கு என்று ஹிந்தியில் கேட்டார். சாக்கடைக்கு என்றார் சொரிமுத்து சட்டென்று. லைன்மேனும் நம்பிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். பூலோகம் பேசாமல் நின்றிருந்தால் லைசென்ஸ் பிழைத்திருக்கும். ஆனால் மீட்டர் ஏறிவிட்டால் மச்சானுக்குக் குழியை மூட எவ்வளவு நேரம் ஆகும்? நாளைக் காலை கிரைண்டர் ஓடும்.

அவன் மேலே ஏறி வந்தான். இந்த ரிப்போர்ட் பொய், எழுதியவர் இந்த இடத்தைப் பார்த்ததே இல்லை, எர்த் செத்துக் கிடக்கிறது என்றான். அதைச் சொல்ல நீ யார் என்று கேட்டார் லைன்மேன். லைசென்ஸை எடுத்துக் காட்டினான். அப்படியானால் எழுத்தில் கொடு, ஆபீஸில் கொடுத்து விசாரிக்கச் சொல்கிறேன் என்றார் அவர். அவரே மராத்தியில் எழுதி வாசித்துக் காட்ட, பூலோகம் மண் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கீழே பெயரும் நம்பரும் போட்டான். லைசென்ஸ் வாங்கி அவன் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.

லைன்மேன் மீட்டரைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போனார். சொரிமுத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஞ்சு சும்மா இருக்க மாட்டாரே மாப்ள. ஒம்ம லைசென்ஸ் போயிரும்லா வே?"

"போவும்" என்றான் பூலோகம், குழிக்குள் இறங்கிக்கொண்டே. "பதிமூணு வருசத்த சைபர்னு சட்டம் எழுதுனவன் இதையும் எடுத்துட்டுப் போவட்டும். நீரு மண்ண அள்ளும்."